ஆயிரம் வாத்தும் ஒரு தேங்காய் மட்டையும்

முதலில் ஒரு மன்னிப்பு. என் கையெழுத்து சில நேரம் எனக்கே புரியாது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றுவிட்டவன் நான். எந்த இடத்தில் பெரிய 'ற', எந்த இடத்தில் சின்ன 'ர' என்று இன்றுவரை தடுமாறுகிறேன். பத்திரிகை ஆபீசில் இதைக் கம்ப்யூட்டரில் அடிக்கும் தங்கச்சிதான் வாராவாரம் பிழையெல்லாம் திருத்தி, என்னைப் படித்தவன் மாதிரி உங்கள் முன்னால் நிறுத்துகிறது. இந்த வாரம் தாள் கொஞ்சம் கூடுதல். பொறுத்துக்கொள் அம்மா.

போன ஞாயிற்றுக்கிழமை தஞ்சோங் கிளிங்கில் ஒரு வீட்டில் குழந்தைக்கு முதல் பிறந்தநாள். படம் எடுக்கப் போயிருந்தேன். உங்களுக்குத்தான் தெரியுமே... வாரம் முழுக்க நான் ஒரு தொழிற்சாலை வாசலில் காவல் நிற்கும் ஜாகா. ஞாயிறு வந்தால் கல்யாணம், காதுகுத்து என்று கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. கேமரா இருந்தால் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம்.

அந்த வீட்டுக் கூடத்தில் சாமிப் படங்கள் வரிசையாக மாட்டியிருந்தன. முருகன், லட்சுமி, மாரியம்மன்... அவற்றுக்குக் கீழே, கண்ணாடிச் சட்டம் போட்டு — ஒரு வாத்துப் படம்!

கேக் தின்றுகொண்டிருந்த ஓர் இளைஞர் அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரரிடம் கேட்டார்.

"அங்கிள், இது எந்த ஊரு காலண்டரு? நியூசிலாந்தா?"

வீட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு பதில் சொன்னார். கேட்டதும் கேமரா என் கையிலிருந்து நழுவப் பார்த்தது. என்ன சொன்னார்? கொஞ்சம் பொறுங்கள். அதற்கு முன் ஆறுமுகம் அண்ணனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

ஆறுமுகம் அண்ணன் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறவர். புக்கிட் பெருவாங்கில் எங்களுக்கு நாலு வீடு தள்ளித்தான் குடியிருக்கிறார். தங்கமான மனிதர். ஒரே ஒரு பழக்கம் — எதைச் சொன்னாலும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார். ரோட்டில் ஒரு பாம்பு குறுக்கே போனால், அது லாரி நீளம். மழை பெய்தால், அது லாரியையே தூக்கிக்கொண்டு போகிற மழை. அதனால், நாங்கள் தேத்தண்ணி குடிக்கக் கூடும் பாக்கியம் அக்காவின் ஒட்டுக்கடையில் அவருக்கு ஒரு பட்டப்பெயர் — 'டபுள் லோடு'.

ஒருநாள் காலை, வந்ததும் வராததுமாகச் சொன்னார்.

"தோட்டத்துக் குட்டையில வாத்துலா! காட்டு வாத்து. மலாய்க்காரங்க பெலிபிஸ்னு சொல்வாங்களே, அது. குட்டையே தெரியல. ஆயிரம் இருக்கும். விசில் அடிக்குதுலா!"

டாக்சி ஓட்டும் ராஜு விடுவாரா?

"வாத்து விசில் அடிக்குதா? பக்கத்துல பொம்பள வாத்து ஏதும் போச்சாண்ணே?"

கடையே சிரித்தது.

"சத்தியமாலா ராஜு! விடிஞ்சும் விடியாம அந்த வரப்பு ரோட்டுலதான் லாரிய ஓட்டிக்கிட்டுப் போறேன். கண்ணால பாத்தேன்."

"பாக்கியக்கா, அண்ணனுக்குத் தேத்தண்ணி அரை கிளாஸ் ஊத்துங்க. மீதிய அவரே நிரப்பிக்குவாரு!"

ஆறுமுகம் அண்ணனும் சேர்ந்துதான் சிரித்தார். இதெல்லாம் அன்றாடம் நடப்பதுதான். ஆனால் அந்தச் சிரிப்பு ஒரு கல்யாணத்தில் போய் இடிக்கும் என்று யார் கண்டது?

அண்ணனின் ஒரே மகள் தேவகி. எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை. அவளுக்குத் தஞ்சோங் கிளிங்கிலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. பையனின் அப்பா கோவிந்தசாமி ஐயா. ரோடு போடும் ஆட்களை மேய்க்கும் மண்டோராக இருந்து ஓய்வு பெற்றவர். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற ரகம். பெண் பார்த்து, பிடித்துப்போய், பரிசம் போட நாள் குறிப்பதுதான் பாக்கி.

நம் ஆட்களின் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? பெண்ணை வீட்டில் பார்ப்போம். பெண்ணின் குடும்பத்தை ஒட்டுக்கடையில் பார்ப்போம்! யாரிடமும் சொல்லாமல் வந்து, ஒரு கோப்பி வாங்கிக்கொண்டு, அந்த ஆள் எப்படி என்று மெதுவாக விசாரிப்போம். கோவிந்தசாமி ஐயாவும் அப்படித்தான் பாக்கியம் அக்கா கடைக்கு வந்திருக்கிறார். ராஜுவுக்கு ஆள் யாரென்று தெரியாது.

"யாரு, டபுள் லோடா? ரொம்ப நல்ல மனுசன் ஐயா. சொல்றதுல பாதியக் கழிச்சிட்டு நம்பணும், அவ்வளவுதான். குட்டையில ஆயிரம் வாத்து விசில் அடிக்குதாம்!"

பெரியவர் சிரிக்கவில்லையாம். கோப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாராம்.

இரண்டொரு நாளில் தஞ்சோங் கிளிங்கிலிருந்து தகவல் வந்தது. "யோசிச்சுச் சொல்றோம்."

கல்யாணப் பேச்சில் இதற்கு என்ன அர்த்தம் என்று நான் சொல்ல வேண்டுமா?

அதன்பிறகு ஆறுமுகம் அண்ணன் கடைக்கு வரவில்லை. லாரியிலேயே சாப்பாடு, லாரியிலேயே தூக்கம். ராஜுவுக்கு முகம் செத்துப்போனது. "வெளாட்டுக்குச் சொன்னேன்லா... நா என்னத்தக் கண்டேன்" என்று பார்க்கிறவரிடமெல்லாம் புலம்பினார்.

ஒரு சாயங்காலம் தேவகி எங்கள் வீட்டுக்கு வந்தாள். தொழிற்சாலைச் சட்டையைக்கூட மாற்றவில்லை.

"மாமா, அந்த வாத்த ஒரு படம் எடுத்துக் குடுக்குறீங்களா?"

"எதுக்கும்மா?"

"அப்பா பொய் சொல்லலன்னு அவங்களுக்குத் தெரியணும். கல்யாணம் நடக்குது, நடக்கல... அது வேற. நா படிச்சது, வேல பாக்குறது எல்லாத்தையும் இப்பப் பாதியாக் கழிச்சுப் பாப்பாங்கல்ல? அப்பா வீட்டுல வாயே தொறக்க மாட்டேங்குறாரு மாமா. பாம்பு கதைகூடச் சொல்றதில்ல."

கடைசியில் சொன்னாளே, அது என்னை என்னவோ செய்துவிட்டது.

மறுநாள் விடியலில் மோட்டார் சைக்கிளை எடுத்தேன். அது பழைய ரப்பர் தொழிற்சாலைக்குத் தண்ணீர் எடுத்த குட்டை. மேற்குக் கரைதான் லாரி ஓடும் வரப்பு. அங்கே போய்ப் பதுங்கினேன். பதுங்கியவன் வாயைப் பிளந்தேன். உண்மை! குட்டை நிறைய வாத்துகள். இரவெல்லாம் வயலில் மேய்ந்துவிட்டுக் கூட்டம் கூட்டமாக வந்து இறங்குகின்றன. விசிலும் அடிக்கின்றன! சின்னப் பிள்ளை ஊதுகிற மாதிரி மெல்லிய விசில். பிலிம் ரோல் தீரும்வரை அமுக்கித் தள்ளினேன்.

தெங்கேராவில் நான் வழக்கமாகப் படம் கழுவும் கடை ஒன்று இருக்கிறது. படங்களை மேசையில் பரப்பியதும் கடை முதலாளி, சீனத் தவுக்கே, உதட்டைப் பிதுக்கினார்.

"மத்தாஹாரி சாலா-லா."

சூரியன் தப்பான பக்கம் நிற்கிறது என்கிறார். பார்த்தேன். தண்ணீர் தகதகவென்று வெள்ளை. வாத்துகள்? கறுப்பு கறுப்பாக ஏதோ மிதக்கிறது. தலை இல்லை, கழுத்து இல்லை, நிறம் இல்லை.

ஒட்டுக்கடையில் ராஜு படத்தை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். தூர வைத்துப் பார்த்தார். தலைகீழாகவும் பார்த்தார். பாவம், இந்த முறை அவருக்குக் கிண்டல் செய்ய மனசே இல்லை. இருந்தாலும் கேட்டுவிட்டார்.

"அண்ணே... இது தேங்காய் மட்டையா?"

கல்யாண வீடுகளில் நான் என்ன செய்வேன்? "எல்லாரும் சூரியனப் பாத்து நில்லுங்க" என்பேன். மாப்பிள்ளை கண்ணைச் சுருக்கிக்கொண்டாவது நிற்பார். வாத்து நிற்குமா? நாம்தான் இடம் மாற வேண்டும். சூரியனை முதுகில் வாங்கிக்கொண்டு, கிழக்குக் கரையில் உட்கார வேண்டும். மாலையில் வரப்பிலிருந்தே எடுக்கலாமே என்பீர்கள். மாலையில் வரப்பு முழுக்கக் குலை லாரிகள். சத்தத்துக்கு வாத்தெல்லாம் கோரைக்குள் போய்ப் புகுந்துகொள்ளும்.

சரி, கிழக்குக் கரைக்குப் போவதற்கென்ன?

கிழக்குக் கரை — தோட்டத்து இடுகாடு.

என் மனைவி பரமேஸ்வரியிடம் மெல்ல விஷயத்தைச் சொன்னேன். கரண்டியோடு வெளியே வந்துவிட்டாள்.

"நல்ல காரியம் பேசுற வீட்டுக்கு ஒதவி செய்யப் போறேன்னு, சுடுகாட்டுலயா போய்க் குந்தப் போறீங்க? அந்தப் பொண்ணு விசயம் ஒரு முடிவுக்கு வர்ற வரைக்கும் அந்தப் பக்கம் கால வச்சீங்க... பாத்துக்குங்க!"

பார்த்துக்கொண்டேன். போகவில்லை. இருந்தது தேங்காய் மட்டைப் படம் மட்டும். அதை எடுத்துக்கொண்டு, நானே தஞ்சோங் கிளிங்குக்குப் போனேன். கடற்கரை ரோடு முழுக்க, பேச வேண்டியதை மோட்டார் சைக்கிளில் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். 'ஐயா, வணக்கம். ஆறுமுகம் அண்ணன் உண்மையைத்தான் சொன்னார். நானே பார்த்தேன்...'

கோவிந்தசாமி ஐயா கதவைத் திறந்தார். அத்தனையும் மறந்துபோனது. படத்தை நீட்டினேன்.

"என்னா இது?"

"வாத்துங்கய்யா."

அவர் மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

"எங்க?"

"இதெல்லாம்... வாத்துங்கய்யா. வெளிச்சம் சரியில்ல. சத்தியமா நா பாத்தேன்."

"நீங்க பொண்ணு வீட்டுக்கு என்னா வேணும்?"

"நாலு வீடு தள்ளி இருக்கேங்கய்யா."

அவர் தலையசைத்தார். நாலு வீடு தள்ளி இருக்கிறவன் சாட்சியை எவ்வளவுக்கு எடுத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியாதா? படத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனவர், நின்றார்.

"எந்தப் பக்கம் நின்னா நல்லாத் தெரியும்?"

"சுடுகாட்டுப் பக்கம்ங்கய்யா."

உள்ளேயிருந்து அவர் வீட்டம்மாவின் குரல் வந்தது. "நல்லாருக்கு! சம்பந்தம் பேசுற நேரத்துல சுடுகாட்டுப் பேச்சு!"

ஐயா வெகுநேரம் படத்தையே பார்த்தார். "எம் பையனுக்கு அந்தப் பொண்ணப் புடிச்சிருக்கு," என்றார், தனக்குள் பேசுவது போல. "எனக்குத்தான் மனசு நிக்க மாட்டேங்குது. ஞாயித்துக்கெழம காலையில வர்றேன். அவரையும் வரச் சொல்லுங்க."

உள்ளேயிருந்து மறுபடியும் குரல். "போயிட்டு அப்படியே அந்தப் பொண்ணு வீட்டு வாசப்படிய மிதிச்சிறாதீங்க!"

அந்த ஞாயிறு விடியலை எப்படி எழுதுவது? எனக்கு அவ்வளவு வார்த்தை தெரியாது. முதல்நாள் மழை பெய்து வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. கல்லறைகளுக்கு நடுவே ஈரப் புல்லில் நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். நான் மட்டும் பரமேஸ்வரிக்குத் தெரியாமல். ஆறுமுகம் அண்ணன் பிளாஸ்கில் கோப்பி கொண்டுவந்திருந்தார். அதை ஊற்றக்கூடத் தோன்றாமல் மடியிலேயே வைத்திருந்தார்.

எங்கள் முதுகுக்குப் பின்னால் சூரியன் கிளம்பியது. அடடா... என்ன வெளிச்சம்! எதிரே கோரைப் புல்லின் ஒவ்வொரு தாளும் தனித்தனியாகத் தெரிந்தது. தண்ணீர் தேன் நிறத்தில் கிடந்தது. இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு வெளிச்சம் எனக்குக் கிடைத்ததில்லை.

எல்லாம் இருந்தது. வாத்துதான் இல்லை.

ஒன்றுகூட இல்லை. ஏன் வரவில்லை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. காத்திருந்தோம். வெயில் ஏறியது. எனக்கு அழுகை வரும்போல இருந்தது. தேவகிக்கு என்ன பதில் சொல்வேன்?

தூரத்தில் ஒரு கறுப்புப் பறவை வந்து இறங்கியது. கோவிந்தசாமி ஐயா கையை நீட்டினார்.

"அது வாத்தா?"

நான் ஆறுமுகம் அண்ணனைப் பார்த்தேன். ஆமாம் என்று சொல்லிவிடேன் அண்ணே! தூரத்தில்தானே இருக்கிறது, யாருக்குத் தெரியப் போகிறது? மனசுக்குள் கெஞ்சினேன்.

"இல்லீங்கய்யா. அது நீர்க்காக்கா."

ஐயா இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். "அந்தா, கோரைப் பக்கம் ஒண்ணு அசையுதே?"

ஆறுமுகம் அண்ணன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டார்.

"அது... நெசமாவே தேங்காய் மட்டைங்கய்யா."

பிறகு ஒரு சத்தம் கேட்டது. கோவிந்தசாமி ஐயா சிரிக்கிறார்! சிரித்துப் பழக்கமில்லாத மனிதர் — தோள் குலுங்குகிறது, கண்ணில் தண்ணீர் வருகிறது, நிறுத்தத் தெரியவில்லை.

"வீணா ஒங்களக் கூட்டியாந்துட்டேங்கய்யா," என்றார் ஆறுமுகம் அண்ணன். "இன்னிக்கு ஒண்ணுகூட இல்ல."

"இல்லன்னு சொன்னீங்கல்ல," என்றார் ஐயா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "இருக்குன்னு சொல்லியிருந்தா எனக்கென்ன தெரியும்? எனக்குக் கிட்டத்துப் பார்வையே சரியில்ல. அந்தக் கோப்பிய ஊத்துங்க, சம்பந்தி."

சம்பந்தி!

ஆறுமுகம் அண்ணன் அவசர அவசரமாக ஊற்றியதில், கோப்பி பாதி புல்லில் போனது. கேமராவை எடுத்தேன். வாத்துக்காகக் காத்துக் கிடந்த வெளிச்சம், ஒருவர் பக்கம் ஒருவர் திரும்பியிருந்த இரண்டு பேர் முகத்திலும் பக்கவாட்டில் விழுந்திருந்தது. அமுக்கினேன். என் கையால் எடுத்ததில் அதுதான் நல்ல படம். ஆனால் பின்னால் கல்லறை தெரிகிறதே... யார் வீட்டில் மாட்டுவது? என் அலமாரியில்தான் இருக்கிறது.

அப்புறம் நடந்தது இன்னொரு கூத்து. சுடுகாட்டுக்குப் போன காலோடு பெண் வீட்டுக்குள் நுழையலாமா? ஆறுமுகம் அண்ணன் வீட்டுப் பின்பக்கக் குழாயில் மூன்று பேரும் தலைமுழுகினோம். அண்ணி வாளியில் மஞ்சள் தண்ணீர் கலந்து வைத்துவிட்டு ஓடிப்போனார். மாப்பிள்ளையின் அப்பா, பரிசம் போட நாள் குறிக்க, பெண் வீட்டுக்காரரின் கைலியைக் கட்டிக்கொண்டு, தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட உள்ளே நுழைந்தார். தேவகி தேத்தண்ணித் தட்டோடு வந்தவள், அப்படியே திரும்பிச் சமையலறைக்குப் போய்விட்டாள். உள்ளே இருந்து சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் மட்டும் வந்தது.

வாத்துகள்? பரிசம் போட்ட பிறகுதான் திரும்பி வந்தன! இந்த முறை பரமேஸ்வரியே அனுப்பி வைத்தாள். இடுகாட்டுக் கரையில், புல்லோடு புல்லாகப் படுத்துக் கிடந்தேன். நான் ஒரு மரக்கட்டை என்று அவை நம்புகிறவரை அசையவில்லை. தலைக்கு மேலே விசில் கேட்டது. கால்களை முன்னால் நீட்டி, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு இறங்கின. தூரத்தில் மண் நிறமாகத் தெரிந்த பறவை, அந்த இளவெயில் பட்டதும் செம்பு நிறமாகிவிட்டது. ஒவ்வொன்றுக்கும் கீழே இன்னொரு வாத்து, தலைகீழாக, தண்ணீருக்குள்.

அப்போதும் அவசரப்படவில்லை. ஒன்று தலையைத் திருப்பட்டும் என்று காத்திருந்தேன். கண்ணில் ஒரு பொட்டு வெளிச்சம் விழ வேண்டும். விழுந்தால்தான் அது உயிருள்ள வாத்து. விழாவிட்டால் மட்டைதான். திரும்பியது. விழுந்தது. எடுத்தேன்.

கல்யாணப் பரிசாக அந்தப் படத்தைத்தான் கொடுத்தேன். போன ஞாயிறு, தஞ்சோங் கிளிங் வீட்டில், சாமிப் படங்களுக்குக் கீழே தொங்கியது அதுதான். வீடு யாருடையது என்று இப்போது தெரிந்திருக்குமே? பிறந்தநாள், தேவகியின் குழந்தைக்கு.

இந்தக் கதையைப் பேப்பரில் போடக் கூடாது என்று தேவகி அப்போதே என்னிடம் சொல்லி வைத்திருந்தாள். நானும் போடவில்லை. ஆனால் அந்த இளைஞர் 'எந்த ஊரு காலண்டரு' என்று கேட்டாரே? அளந்து பேசும் கோவிந்தசாமி ஐயா, பேரனை மடியில் வைத்துக்கொண்டு, இப்படிச் சொன்னார்:

"காலண்டராவது! நம்ம தோட்டத்துக் குட்டை தம்பி இது. படத்துல கொஞ்சந்தான் விழுந்திருக்கு. அன்னிக்கு ஆயிரம் வாத்து இருந்துச்சு. நானும் சம்பந்தியும் பக்கத்துல பக்கத்துல குந்திக்கிட்டு, கண்ணால பாத்தோம். விசில் அடிக்குது தம்பி!"

பக்கத்து நாற்காலியில் ஆறுமுகம் அண்ணன் நெளிந்தார்.

"ஆயிரம்லாம் இருக்காது சம்பந்தி... பாதி போட்டுக்குங்க."

"நீங்க சும்மா இருங்க சம்பந்தி. ஒங்களுக்கு என்னா தெரியும்!"

நான் சட்டென்று கேமராவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். தேவகி சிரிப்பை அடக்க முடியாமல் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மாமா, இப்ப எழுதிக்குங்க. ஆயிரம்னே போடுங்க."

போட்டுவிட்டேன்.

எழுதி முடித்தது: 1996, தீபாவளிக்கு முந்தின ஞாயிறு.